மலையகத்து வீட்டில் தண்ணீர் சேமிப்பு: கூரையிலிருந்து பாத்தி வரை, வேலை வரிசைப்படி

தண்ணீர் சேமிக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அநேகமாக முதலில் செய்வது, ஹாட்வெயார் கடைக்குப் போய் ஒரு தாங்கி வாங்கி வருவதுதான். அது வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் எங்கே வைப்பது, நிரம்பினால் எங்கே வழியும், கூரைத் தண்ணீரை எப்படி அதற்குள் கொண்டுவருவது என்ற கேள்விகள் எழும். அதற்குள் மழை தொடங்கிவிடும்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலும் தனி வீடுகளிலும் இந்த வேலையைச் செய்துகொடுத்ததிலும், மற்றவர்கள் செய்யும்போது கூட நின்று பார்த்ததிலும் எனக்கு உறுதியான ஒன்று உண்டு. சமவெளிக்குச் சொல்லும் முறை நமக்கு அப்படியே பொருந்தாது. நம் வீடுகள் சரிவில் நிற்கின்றன. இங்கே தண்ணீரைப் பிடிப்பதற்கு முன்னால், மிஞ்சும் தண்ணீரை இறக்கிவிட வழி வெட்டியிருக்க வேண்டும். தாங்கி நடுவில் வரும் வேலை.

காலமும் முக்கியம். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவுகளுக்குப் பெருமழை மே முதல் செப்டெம்பர் வரை. தட்டுப்பாடு ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை நல்ல மழை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழையில்லாத காய்ச்சலும் காற்றும். உங்கள் சரிவுக்குரிய மழைக்கு இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மண்வெட்டி, அலவாங்கு, அளவு நாடா, நூல், மேசன்மார் வைத்திருக்கும் ரசமட்டம் அல்லது மட்டம் பார்க்க ஏழெட்டு மீற்றர் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், இரும்பு அறுக்கும் வாள், திரெட் டேப், பிவிசி கம், சில வாசர்கள், அளவு தெரிந்த ஒரு வாளி. ஏணி திடமானதாக இருக்கட்டும். ஈரத்தில் தகரக் கூரை மேல் ஏறவே வேண்டாம்.

தோட்டத்து லயமென்றால் கூரைத் தண்ணீரை ஏந்தும் பீலி பூட்டவும் மண் வெட்டவும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பக்கத்துக் காம்பிராக்காரருடனும், அதாவது லயத்தின் அடுத்த அறை வீட்டாருடனும், பேசுங்கள். ஒரே கூரை பல காம்பிராக்களுக்கு ஓடுவதால் உங்கள் பகுதியில் நீங்கள் பூட்டும் பீலி அவர்கள் கூரைத் தண்ணீரையும் இழுக்கும். பிறகு வரும் மனஸ்தாபத்துக்கு இந்தப் பத்து நிமிடப் பேச்சு மருந்து.

1. ஒரு வாரம் அளந்து பாருங்கள்

தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் எல்லோரும் குளிப்பதைத்தான் சொல்வார்கள். அளந்து பார்த்தால் வேறு இடம் தெரியவரும். சமையல், உடுப்பு, குளிப்பு, மலசலகூடம், மரக்கறிப் பாத்தி என்று ஐந்து கோடு போட்டு, ஒவ்வொரு வாளிக்கும் ஒரு கீறல் கீறுங்கள். பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் ஒழுங்காகச் செய்வார்கள்.

குழாயின் வேகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 10 லீற்றர் வாளி எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று காலை, மாலை, நள்ளிரவு மூன்று வேளையும் பாருங்கள். மேலே உள்ள லயங்கள் திறக்கும் நேரத்தில் கீழே வேகம் விழுவது சாதாரணம். இரவு நன்றாக வருகிறதென்றால் 8ஆம் படி உங்களுக்குத்தான்.

இந்த எண்கள் கையில் இல்லாமல் தாங்கியின் அளவை முடிவு செய்யக் கூடாது.

2. ஒழுக்கை நிறுத்துங்கள்

எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, சொட்டும் இடத்தில் ஒரு கோப்பையை ஒரு மணி நேரம் வையுங்கள். சேர்ந்ததை 24ஆல் பெருக்குங்கள். ஒரு மணிக்கு ஒரு லீற்றர் என்றால் நாளுக்கு 24 லீற்றர். ஒரு கோவாப் பாத்திக்கு அது போதும்.

சொட்டும் குழாய்க்குப் பெரும்பாலும் வாசர்தான் காரணம். பலர் குழாயை இன்னும் இறுக்கி மூடுகிறார்கள். அப்படி இறுக்கினால் தேய்ந்த வாசர் இன்னும் நசுங்கி, உள்ளே பித்தளை இருக்கையும் கீறும்; பிறகு குழாயையே மாற்ற வேண்டிவரும். கிரமம் இதுதான்: மேலே தண்ணீரை நிறுத்து, தலையைக் கழற்று, வாசரை மாற்று, மெல்ல மூடு.

தாங்கியிலுள்ள, மிதவை பூட்டிய போல் வால்வையும் மறக்காதீர்கள். மிதவை தண்ணீரில் தாழ்ந்து கிடந்தால் உள்ளே ஓட்டை விழுந்திருக்கிறது. வால்வு மூடாது, இரவெல்லாம் வழியும். நீர் வழங்கல் சபையின் மீற்றர் இருக்கும் வீடு என்றால் வேலை இன்னும் சுலபம். படுக்கப் போகும்போது எண்ணைக் குறித்து, விடிந்ததும் யாரும் குழாயைத் தொடுமுன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் நிலத்தடியில் எங்கோ ஒழுகுகிறது. மீற்றருக்கு முன்னால், தெருப் பக்கத்தில் ஒழுகினால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு 1939இல் சொல்லலாம்.

நிலத்தடி ஒழுக்குக்குச் சரிவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது மண்ணை உள்ளேயே ஊற வைக்கிறது. வீட்டுக்கு மேற்பக்கம் ஓடும் கறுப்புக் குழாயில் ஒழுக்கு இருந்தால் அதை அன்றைக்கே அடையுங்கள்.

3. மிச்சத் தண்ணீருக்கு முதலில் வழி வெட்டுங்கள்

புதியவர்கள் தவறாமல் விட்டுவிடும் படி இது. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 12 அடிக்கு 18 அடி கூரை என்றால் 216 சதுர அடி, ஏறத்தாழ 20 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். மணிக்கு 50 மில்லிமீற்றர் வேகத்தில் ஒரு மழை அடித்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் மணிக்கு 1,000 லீற்றர் இறங்கும். 200 லீற்றர் பீப்பாய் 12 நிமிடத்தில் நிரம்பிவிடும்.

அதற்கு முன்பு அந்தத் தண்ணீர் இறவாரம் நெடுகப் பரவி விழுந்தது. நீங்கள் பீலி பூட்டியபின் எல்லாம் ஒரே மூலையில் கொட்டும். அந்த மூலையில் வழி இல்லாவிட்டால் அத்திவாரத்தைத் தோண்டும், அல்லது கீழ் லயத்தின் பின்மேட்டில் இறங்கும். சேமிக்கப் போய் கீழே இருப்பவர் வீட்டுக்கு ஆபத்தைக் கொண்டுவந்த கதை நடக்கவே கூடாது.

அதனால் முதலில் கானு, அதாவது வடிகால். வீட்டைச் சுற்றி ஓடும் கானு எங்கே போய் முடிகிறது என்று மழை பெய்யும்போதே நடந்து போய்ப் பாருங்கள். அது கல் பதித்த பெரிய கானுக்கோ ஓடைக்கோ போய்ச் சேர வேண்டும். நடுவில் தேயிலைக்குள் திறந்துவிட்டிருந்தால் அங்கே மண் அரித்திருக்கும். கருங்கல்லைப் பதித்து சரிசெய்யுங்கள். மண், குப்பை, பொலித்தீன் எல்லாவற்றையும் வாரி வெளியே போடுங்கள். வாரிய மண்ணைக் கானின் கரையிலேயே குவிக்காதீர்கள், அடுத்த மழைக்கு அது உள்ளேயே திரும்பிவிடும்.

மழைத்தண்ணீரைக் குழி வெட்டி நிலத்துக்குள் இறக்குங்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். தட்டையான நிலத்துக்கு அது நல்ல யோசனை. நமக்கு வீட்டின் பின்மேட்டுக்கு மேலேயும், வெட்டிய மேட்டின் விளிம்பிலும் உறிஞ்சுகுழி வேண்டவே வேண்டாம். ஊறிய மண் கனத்துப் பிடிமானம் இழக்கும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் பெருமழைக்குப் பின் லயங்கள் மேல் மலை இறங்கியதை நாம் மறக்க முடியாது.

பின்மேட்டில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று புதிதாகக் கசியும் ஊற்று, தெளிந்த ஊற்று சேறாக வருவது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென நிற்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மண்ணைக் கிண்டும் வேலையை நிறுத்துங்கள். மழை நேரமென்றால் அந்த இடத்தைவிட்டு விலகிவிட்டு, கிராம சேவகருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையிலேயே விழிப்பாக இருக்கச் சொல்கிறது. நேர்ச்சுவருள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து, அடியிலிருந்து அடிமட்டத்தால் அளந்தால் நம் வாசலில் பெய்தது எவ்வளவு என்று நமக்கே தெரியும்.

4. தாங்கிக்கு இடமும் அடித்தளமும்

1,000 லீற்றர் தண்ணீர் ஒரு தொன். சரிவில் வீடு கட்டும்போது மேற்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கத்தில் நிரப்பித்தான் வாசலைச் சமப்படுத்துவோம். வெட்டிய பக்கம் இயற்கையான கெட்டி மண். நிரப்பிய பக்கம் எத்தனை வருடமானாலும் அமுங்கக் கூடியது. தாங்கி எப்போதும் வெட்டிய பக்கத்தில் நிற்கட்டும்.

எது எதென்று தெரியாவிட்டால் அலவாங்கால் குத்திப் பாருங்கள். சுலபமாக ஓரடிக்கு மேல் இறங்கினால் அது நிரப்பு மண். மேட்டின் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியே வையுங்கள். வெட்டிய மேட்டின் அடியோடு ஒட்டியும் வைக்காதீர்கள். மேட்டடிக் கானைச் சுத்தம் செய்ய ஆள் நுழைய இடம் வேண்டும்.

மேல்மண்ணை அகற்றி, சல்லிக்கல் போட்டு இடித்து, மேலே கொங்கிறீற் தளம் போடுங்கள். தளம் தாங்கியின் அடியைவிட எல்லாப் பக்கமும் கொஞ்சம் அகலமாக, ரசமட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தாங்கியை இரண்டு பலகை மேலோ நாலு கல் மேலோ வைத்தால் அடி தொங்கி, ஒரு நாள் வெடிக்கும். குழாயின் கீழே வாளி வைக்கும் உயரம் கிடைக்கும் அளவுக்குத் தளத்தை உயர்த்திக்கொண்டால் போதும்.

5. கூரைப் பீலி

18 அடி நீளப் பீலிக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 2 அங்குலம் இறக்கம் கொடுங்கள். அதைவிடக் குறைந்தால் நடுவில் தண்ணீர் தேங்கி நுளம்பு வளரும். அதிகமானால் தாழ்ந்த முனை இறவாரத்தைவிட்டு விலகி, தண்ணீர் பீலிக்கு வெளியே விழும்.

முதலில் இரண்டு முனைக் கொளுக்கிகளை மட்டும் அடித்து, நடுவில் நூல் கட்டுங்கள். மற்ற கொளுக்கிகளை நூலைத் தொடும்படி 2 அடிக்கு ஒன்றாக அடியுங்கள். பழைய லயங்களில் இறவாரம் நேராக இருப்பதில்லை. தகரத்தின் விளிம்பை வைத்து அளந்தால் பீலியும் அதே வளைவில் போகும். நூலை மட்டும் நம்புங்கள்.

பெருமழையில் தகரத்தில் வரும் தண்ணீர் விளிம்பில் பாய்ந்து பீலியைத் தாண்டிவிடும். அதனால் தகரத்தின் விளிம்பு பீலியின் நடுப்பகுதிவரை வந்து நிற்கட்டும், பீலியின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிடச் சற்று உயர்ந்திருக்கட்டும். ஏணியில் நின்று ஒரு வாளித் தண்ணீரைக் கூரை மேல் வீசி ஊற்றினால் தாண்டுகிறதா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும். தாண்டினால் வெளிப்பக்கத்தில் ஒரு தகரப் பட்டையை நிமிர்த்திப் பூட்டுங்கள்.

அஸ்பெஸ்டஸ் கூரை, பழைய பெயின்ற் உரியும் தகரம் இரண்டிலிருந்தும் வரும் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நாரும் ஈயமும் போகாது. மலசலகூடத்துக்கும் தோட்டத்துக்கும் அதை வைத்துக்கொண்டு, ஊற்றிலிருந்து வரும் பீலிக்கரைத் தண்ணீரைச் சமையலுக்கு ஒதுக்குங்கள். சுத்தமான தகரக் கூரைத் தண்ணீரானாலும் நன்றாகக் கொப்புளித்துக் கொதித்த பின் ஒரு நிமிடமாவது விட்டுத்தான் குடிக்க வேண்டும். நுவரெலியா உயரத்தில் மூன்று நிமிடம் விடுவது நல்லது.

6. முதல் தண்ணீரைக் கழித்துவிடுங்கள்

காய்ச்சலுக்குப் பின் வரும் முதல் மழை கூரையிலுள்ள புகைக்கரி, பறவை எச்சம், இலை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும். விறகடுப்பு எரியும் லயங்களில் கரி அதிகம். ஒரு சதுர மீற்றர் கூரைக்கு ஒரு லீற்றர் என்று கழித்துவிடுங்கள். நம் 20 சதுர மீற்றர் கூரைக்கு 20 லீற்றர்.

இதற்கு 4 அங்குலக் குழாயை நேராக நிறுத்தச் சொல்வார்கள். அந்தக் குழாய் மீற்றருக்கு ஏறத்தாழ 8 லீற்றர்தான் பிடிக்கும். 20 லீற்றருக்கு இரண்டரை மீற்றர் வேண்டும், லயத்து இறவாரம் அவ்வளவு உயரமில்லை. அதற்குப் பதில், கீழிறங்கும் குழாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து, அதன் கீழ்வாயை 20 லீற்றர் பிளாஸ்டிக் கான் (கேன்) ஒன்றுக்குள் இறுக்கமாக விடுங்கள். கான் நிரம்பியதும் தண்ணீர் டீயின் பக்கவாயால் தாங்கிக்குப் போகும். கானின் அடியில் சிறு துளையிட்டு, மழை விட்டதும் அது தானாக மெல்ல வடியும்படி செய்யுங்கள். துளை இல்லாமல் விட்டவர்கள் கானைக் காலி செய்ய மறந்துவிடுகிறார்கள், அடுத்த மழையின் அழுக்கு நேரே தாங்கிக்குள் போகிறது.

7. தாங்கியின் அளவு, மூடி, வழிவு

இப்போது வாங்கலாம். 1 மீற்றருக்கு 6 மீற்றர் மரக்கறிப் பாத்தி ஒன்றுக்குக் காய்ச்சல் நாளில் சதுர மீற்றருக்கு 4 லீற்றர் வீதம் 24 லீற்றர் தேவை. 200 லீற்றர் பீப்பாய் எட்டு நாள் தாங்கும். 1,000 லீற்றர் தாங்கி 40 நாள் தாங்கும். உங்கள் முதல் வாரக் கணக்கிலிருந்து மலசலகூடத்துக்கும் உடுப்புக்கும் போகும் அளவை இதில் கூட்டிக்கொள்ளுங்கள்.

வரவும் பாருங்கள். அந்தக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழைக்கு, சிதறல் போக, 160 லீற்றர்வரை சேரும். மாலை இடிமழை வாரம் இரண்டு மூன்று வரும் மாதங்களில் சின்னத் தாங்கியே அடிக்கடி நிரம்பும். பெரிய தாங்கி வேண்டியது நீண்ட காய்ச்சலைக் கடப்பதற்குத்தான்.

பழைய பீப்பாய் வாங்குவதென்றால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். தோட்டங்களில் களைநாசினியும் பூச்சிமருந்தும் வந்த பீப்பாய்கள் கைமாறி வருகின்றன. எத்தனை முறை கழுவினாலும் அவை தண்ணீருக்கு ஆகாது. என்ன இருந்ததென்று விற்பவருக்கே தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். வெயில் ஊடுருவும் வெள்ளைப் பீப்பாயில் பாசி பிடிக்கும். கறுப்பு அல்லது நீலம் எடுங்கள்.

வழிவுக் குழாய், தண்ணீர் உள்ளே வரும் குழாயின் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 2 அங்குலத்தால் வருவது அரை அங்குலத்தால் வெளியேற முடியாமல் மூடி வழியாகப் பொங்கி, தளத்தின் அடிமண்ணைக் கரைக்கும். வழிவின் மறுமுனை மூன்றாம் படியில் வெட்டிய கானுக்குள்ளேயே முடியட்டும்.

மூடி, உள்வரும் வாய், வழிவு வாய் மூன்றிலும் நுளம்பு வலை கட்டுங்கள். டெங்கு நுளம்பு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பீலியையும் தாங்கியையும் கானையும் ஒரு சுற்றுப் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டப்படி வளவில் குடம்பி இருந்தால் குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

8. பீலிக்கரைத் தண்ணீர்: இரவில் ஓடிப்போவதைப் பிடியுங்கள்

ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கும் லயங்கள் பலவற்றில் காலையில் வரிசை, இரவில் சும்மா ஓட்டம். நிமிடத்துக்கு 2 லீற்றர் மட்டும் தரும் சிறு ஊற்றானாலும் இரவு எட்டு மணி நேரத்தில் 960 லீற்றர் தரும். 1,000 லீற்றர் தாங்கி ஒன்றை ஊற்றுக்கும் லயத்துக்கும் நடுவில் வைத்தால் காலைக் கூட்டத்துக்கு அது போதிய கைகொடுக்கும்.

தாங்கி நிரம்பியபின் மிச்சம் பழைய ஓடை வழியிலேயே போகட்டும். கீழே இன்னொரு லயம் அதையே நம்பியிருக்கும். எந்த நேரம் யார் திறப்பது என்பதைத் தாங்கி வைக்கும் முன்பே எல்லா வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இதைப் பின்னால் பார்ப்போம் என்று விட்ட இடங்களில்தான் குழாய் வெட்டுப்படுகிறது.

ஊற்றில் தண்ணீர் இருந்தும் கீழே வரவில்லை என்றால் உடனே குழாயை வெட்டிப் பார்க்காதீர்கள். குழாய் ஒரு மேட்டில் ஏறி இறங்கும் இடத்தில் காற்று அடைத்திருக்கும். அந்த உச்சியில் ஒரு டீயும் சிறு வால்வும் பூட்டி, காற்றைத் திறந்துவிட்டால் தண்ணீர் வந்துவிடும். அதேபோல் 10 மீற்றர் இறக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடும். ஊற்று மிக உயரத்தில் இருந்தால் எல்லோரும் குழாயை மூடும் இரவில்தான் மூட்டுகள் வெடிக்கும். நடுவழித் தாங்கி அந்த அழுத்தத்தையும் உடைத்துவிடுகிறது.

ஊற்றுவாயில் உடுப்புத் துவைப்பதையும் மாடு இறங்குவதையும் தடுத்து, மேற்பக்கத்தில் ஒரு சிறு கானு வெட்டி மழைச்சேற்றைத் திருப்பிவிடுங்கள். ஊற்றுக்கு அருகில் யூகலிப்டஸ் நடாதீர்கள். அது வேகமாக வளரும் மரம், தண்ணீரையும் அப்படியே இழுக்கும்.

9. பாத்தியை மட்டத்துக்கு வெட்டுங்கள்

மேலிருந்து கீழாக இழுத்த பாத்திக்கு எவ்வளவு ஊற்றினாலும் அடிமுனைக்கே போய்ச் சேரும். போகும்போது நல்ல மண்ணையும் உரத்தையும் கொண்டுபோகும். கண்ணால் பார்த்து மட்டம் போடுபவர்கள் சரிவில் ஏமாறுகிறார்கள், அனுபவசாலிகளும் கூட. ஒரு மட்டச்சட்டம் செய்துகொள்ளுங்கள், செலவே இல்லை.

இரண்டு மீற்றர் நீளமான இரண்டு கம்புகளின் தலையைச் சேர்த்துக் கட்டுங்கள். கால்களை ஒன்றரை மீற்றர் விரித்து, பாதி உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பைக் கட்டுங்கள். தலையிலிருந்து ஒரு நூலில் கல்லைத் தொங்கவிடுங்கள். கல் குறுக்குக் கம்புக்குக் கீழே தொங்க வேண்டும்.

இனி அதைச் சரிபார்க்க வேண்டும். இரு காலும் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு ஆப்பு அடியுங்கள். நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. பிறகு சட்டத்தைத் திருப்பி, இடது கால் நின்ற ஆப்பில் வலது காலை வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே கத்தியால் ஆழமாக ஒரு கீறல் போடுங்கள். நூல் அந்தக் கீறலில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். இந்தத் திருப்பி வைக்கும் வேலையைச் சிலர் தேவையில்லை என்று விடுகிறார்கள். கம்புகள் ஒரே நீளமில்லாதபோது அந்தச் சட்டம் தோட்டம் முழுக்கப் பொய் மட்டம் காட்டும்.

காற்றில் நூல் ஆடினால் கையால் ஒரு முறை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மட்டம் வந்த இடத்தில் ஆப்பு, பிறகு அடுத்த அடி. சரிவு நெடுக ஆப்புகள் வளைந்து போகும். பாத்தியும் அந்த வளைவிலேயே போகட்டும், நேராக்க வேண்டாம்.

பதுளை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் பாத்தி சரிமட்டமாக இருக்கலாம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் 100க்கு 1 என்று கானுப் பக்கம் சிறு சாய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் ஜூன் மழையில் வேர் அழுகும். கானுக்குள் இடையிடையே சிறு குழியும் தடுப்பும் விடுவது தேயிலை மலையில் நாம் பார்த்துப் பழகியதுதான். மண் அங்கே தங்கும், அதை அள்ளி மறுபடி பாத்திக்குப் போடலாம். பாத்தியின் கீழ்விளிம்பில் வெட்டிவேரோ மாட்டுப்புல்லோ ஒரு வரி நட்டால் கரை நிற்கும், மாட்டுக்கும் ஆகும்.

மண் திறந்து கிடக்கக் கூடாது. மானாப்புல், கவ்வாத்து வெட்டிய இலை, காய்ந்த போஞ்சிக் கொடி எதுவானாலும் இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். ஊவாவின் காய்ச்சல் காற்றில் மூடிய பாத்திக்கும் திறந்த பாத்திக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையை மண்ணுக்குள் விட்டாலே உணரலாம். தண்டை ஒட்டி மூடாமல் நாலு விரல் விட்டுவிடுங்கள். பெருமழை மாதத்தில் மூடாக்கைப் பாதியாகக் குறையுங்கள். அதற்கடியில் நத்தை பெருகிக் கோவாவைத் தின்றுவிடும்.

10. ஊற்றும் முறை

தினம் மேலோட்டமாகத் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும், ஒரு நாள் தவறினாலும் செடி வாடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை, ஆழமாக ஊற்றுங்கள். ஊற்றுமுன் விரலை இரண்டு அங்குலம் இறக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் இன்றைக்குத் தேவையில்லை. நாற்றுக்கும் புதிதாக விதைத்த கரட்டுக்கும் இந்த விதி பொருந்தாது, முளைக்கும்வரை மேல்மண் காயவே கூடாது.

காலையில் ஊற்றுவது நல்லது. மாலையில் நனைந்த இலை மூடுபனியில் விடியும்வரை காயாது, உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் இலைக்கருகல் வரும். ஹோஸ் பிடிப்பதைவிடப் பூவாளி சிக்கனம். எவ்வளவு ஊற்றினோம் என்ற கணக்கும் கையிலிருக்கும்.

11. கழுவிய தண்ணீர்

அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீர் எந்தச் செடிக்கும் போகலாம். குளித்த தண்ணீரும் உடுப்பு அலசிய கடைசித் தண்ணீரும் மரத்தக்காளி, மாட்டுப்புல், கீழ்ப்பகுதிகளில் வாழை இவற்றுக்கு, மண்ணின் மேல் மட்டும். கரட், சலாது, லீக்ஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சலவைத்தூள் கலந்த முதல் தண்ணீர், பிளீச், குழந்தையின் துணி கழுவியது, எண்ணெய்ப் பாத்திரம் கழுவியது எல்லாம் வடிகாலுக்கே.

ஒரு நாளுக்கு மேல் இதைச் சேர்த்து வைக்கக் கூடாது, நாறும். ஒரே மரத்தடியில் விடாமல் குழாயின் முனையை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். மழை மாதங்களில் இதைத் தோட்டத்துக்கு விடவே வேண்டாம். ஊறிய சரிவுக்கு மேலும் தண்ணீர் கூடாது.

12. வருடத்துக்கு இரண்டு முறை

காய்ச்சலின் கடைசி வாரத்தில் தாங்கி ஏறத்தாழ வற்றியிருக்கும். அப்போது அடிவண்டலைக் கழுவி வெளியேற்றுங்கள். பெரிய தாங்கிக்குள் இறங்குவதென்றால் வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும். சோப் வேண்டாம், தேங்காய்த் தும்பும் தண்ணீரும் போதும். கிழிந்த நுளம்பு வலையை மாற்றுங்கள். தளத்தில் வெடிப்போ சாய்வோ இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் தாங்கியை நிரப்பாமல் தளத்தை முதலில் சரிசெய்ய வேண்டும்.

மழைக்கு இரண்டு வாரம் முன்பு பீலியிலுள்ள இலையை வாருங்கள், தளர்ந்த கொளுக்கியை இறுக்குங்கள், முதல் தண்ணீரைக் கழிக்கும் கானின் சிறு துளையைக் கம்பியால் குத்திவிடுங்கள். கடைசியாக ஒரு வாளித் தண்ணீரைப் பீலியின் மேல்முனையில் ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே நில்லுங்கள். கழிவுக் கான் நிரம்பும்வரை இன்னும் ஓரிரு வாளி வேண்டிவரும். அதன்பின் ஊற்றுவது தாங்கிக்குள் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு வழிவு வாயில் ஒரு வாளி ஊற்றி, அது நடுவில் எங்கும் கசியாமல் பெரிய கானுவரை போகிறதா என்று கூடவே நடந்து போய்ப் பாருங்கள்.